என்ஜின் என்னிடம் இருந்தது

கிளைடருக்கு என்ஜின் கிடையாது என்பார்கள். பாதிதான் உண்மை. அதை வானத்துக்கு அனுப்ப ஓர் என்ஜின் வேண்டும். அந்த என்ஜின் மைதானத்தின் மறுகோடியில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, பழைய லாரி ஒன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வின்ச் என்று பெயர். வடக்கே ஒரு கிளைடர் மையத்தில் அந்த வின்ச்சை ஓட்டியும் பழுது பார்த்தும் என் வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்று அடி அண்ணாமலைக்குத் திரும்பிய பிறகும், விமானம் விழுந்த செய்தி எதைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது "புறப்பட்ட சில விநாடிகளில்" என்ற சொற்களைத்தான். அந்தச் சில விநாடிகளில் விமானியின் உயிர் பாதி அவர் கையிலும் பாதி என்னைப் போன்றவன் காலடியிலும் இருக்கும்.

நான் விமானம் படித்தவன் இல்லை. திருவண்ணாமலையில் ஒரு லாரி ஷெட்டில் டீசல் மெக்கானிக்காக இருந்தேன். சித்தப்பா ஒருவர் ராணுவத்தில் இருந்தார். அவர் சொல்லித்தான் வடக்கே போனேன். அங்கே என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பம்ப்பும் நாசிலும் கழற்றி மாட்டத் தெரியுமா?" தெரியும் என்றேன். மறுநாளே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். வின்ச்சைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். லாரி என்ஜின், அதற்குப் பின்னால் பெரிய இரும்பு டிரம், டிரம்மில் சுற்றிய எஃகுக் கேபிள், ஓட்டுபவன் தலையைக் காக்க ஒரு கம்பிக் கூண்டு. அவ்வளவுதான். இது எப்படி ஓர் ஆளை ஆயிரம் அடிக்குத் தூக்கும் என்று சந்தேகப்பட்டேன்.

தூக்கும். ஜீப் ஒன்று கேபிளின் முனையைக் கிளைடர் நிற்கும் இடம் வரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே கிளைடரின் வயிற்றில் உள்ள கொக்கியில் மாட்டுவார்கள். இறக்கையின் நுனியை ஒருவர் பிடித்து மட்டமாக நிறுத்துவார். அங்கிருந்து விளக்கு மெதுவாக மின்னினால், தொய்வை எடு என்று பொருள். வேகமாக மின்னினால், இழு. நான் ஆக்சிலரேட்டரை மிதிப்பேன். மூன்று நான்கு விநாடிகளில் கிளைடர் புல்லை விட்டு எழும்பிவிடும். பிறகு மூக்கை நிமிர்த்தி, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் ஏறும். முழு ஏற்றமும் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேபிளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் கிடைக்கும் என்பது எங்கள் தோராயக் கணக்கு; 1,000 மீட்டர் கேபிளுக்கு 1,000 அடியோ அதற்குச் சற்று மேலோ. உச்சியில் விமானி மஞ்சள் குமிழை இழுப்பார். கேபிள் கழன்று, அதன் முனையில் உள்ள சின்னப் பாராசூட் விரிந்து கீழே இறங்கும். நான் சுற்றி இழுத்துக்கொள்வேன். எல்லாக் கிளைடரிலும் அந்தக் குமிழ் மஞ்சள் நிறம்தான். எந்த நாட்டு விமானி எந்தக் கிளைடரில் ஏறினாலும் கை தேடிப் போக வேண்டிய இடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இந்த முக்கால் நிமிடத்தில் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? இந்தக் கணக்கை எங்கள் மூத்த பயிற்றுநர் ஒரு மழைநாளில் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். கிளைடர் 45 பாகையில் நிமிர்ந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. கேபிள் அறுகிறது. இழுக்க ஆள் இல்லை. புவியீர்ப்பு மட்டும் இருக்கிறது. மூக்கை அப்படியே விட்டால் ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் குறையும். நேராகப் பறக்கும் பயிற்சிக் கிளைடர் 65 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் வேலையை விட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானியிடம் இருப்பது ஒன்றரை விநாடிகூட இல்லை. "இந்த ஒன்றரை விநாடியில் யோசிக்க முடியாது. யோசனையைத் தரையிலேயே முடித்துவிட்டு ஏறு" என்பார் அவர். ஏறும் முன்பே மாணவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இன்று காற்று இந்தப் பக்கம், கயிறு அறுந்தால் மூக்கை இறக்குவேன், இந்த உயரத்துக்குக் கீழே நேராக இறங்குவேன், மேலே என்றால் இந்தப் பக்கம் திரும்புவேன். சொல்லாதவனுக்கு இறக்கை நுனியைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

மூக்கை இறக்கினால் போதும் என்று நினைப்பதுதான் அடுத்த ஆபத்து. மூக்கு கீழே வந்துவிட்டாலும் வேகம் வந்திருக்காது. கட்டுப்பாட்டுக் கோலை, அதாவது ஸ்டிக்கை, முன்னால் தள்ளியதும் விமானியின் கண்ணுக்கு அடிவானம் சரியாகத் தெரியும், எல்லாம் ஒழுங்காகிவிட்டது போல இருக்கும். ஆனால் வேகமானியில் முள் இன்னும் கீழேயே கிடக்கும். அந்த நேரத்தில், இறங்குவதற்காக உயரத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்கைத் திறந்தாலோ, திடலுக்குத் திரும்பலாம் என்று சாய்த்தாலோ கிளைடர் கல்லாக விழும். சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகமே கூடிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 45 பாகைச் சாய்வில் ஐந்தில் ஒரு பங்கு கூடும், 60 பாகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல். அதனால்தான் முள் பழைய இடத்துக்கு வரும் வரை எதையும் தொடாதே என்று அடித்துச் சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கார்த்திகை தீபத் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே வரும். ஸ்டிக்கை முன்னால் தள்ளும்போதும் அப்படித்தான் வரும். பழகாதவன் மூளை அதை ஸ்டால் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டால் ஆனால் ஸ்டிக்கைத் தள்ளு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தள்ளுவான். வயிறு இன்னும் மேலே வரும், இன்னும் தள்ளுவான். கிளைடர் மூக்கு குத்தித் தரைக்குப் போகும். இதைக் கண்டுபிடித்து எழுதி, பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று பல காலம் மன்றாடியவர் டெரெக் பிகாட் என்ற பிரிட்டிஷ் பயிற்றுநர். அறுபதுகளில் பழங்கால விமானங்களைப் பற்றி வந்த ஹாலிவுட் படங்களில் சாகசப் பறத்தல் செய்தவரும் அவர்தான். சாகசக்காரர் ஒருவர் மாணவர்களின் வயிற்றுக் குமட்டலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அவர் மேல் தனி மரியாதையைக் கொடுத்தது.

இதெல்லாம் விமானியின் பக்கம். இனி என் பக்கம்.

கேபிள் பட்டென்று அறுவது நல்லது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வின்ச்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். பட்டென்று அறுந்தால் விமானிக்குச் சத்தம் கேட்கும், முதுகை அழுத்திய விசை சட்டென விலகும், கை தானாக முன்னால் போகும். எனக்கும் உடனே தெரியும். சுமை விட்ட என்ஜின் ஓலமிடும். எங்களைப் பயமுறுத்துவது வேறு: என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது. டீசல் ஃபில்டரில் அழுக்கு, பைப்பில் ஒரு துளிக் காற்று, டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீர். வேகம் 100, 95, 90 என்று வழுக்கிக்கொண்டு வரும். விமானி மூக்கை நிமிர்த்தியபடியே இருப்பார், அவர் கண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரியும். லாரியில் இந்தக் கோளாறு வந்தால் ஓரங்கட்டி நிறுத்திக் கையால் பம்ப் அடித்துக்கொள்ளலாம். இங்கே ஓரங்கட்ட இடம் கிடையாது.

என்ஜின் தடுமாறினால் வின்ச்காரன் செய்ய வேண்டியது அவனுடைய உள்ளுணர்வுக்கு எதிரானது. ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்து எப்படியாவது ஏற்றிவிடத்தான் கால் துடிக்கும். கூடாது. காலை எடுத்துவிட வேண்டும், முழுசாக. விமானிக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், இழுப்பு போய்விட்டது என்று. அவர் மூக்கை இறக்க ஆரம்பித்த பிறகு என்ஜின் திரும்ப உறுமினாலும் விசையைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது. இறங்கத் தயாரானவரைப் பாதி இழுத்து, மறுபடி விடுவதுபோல் கொடுமை இல்லை. டீசல் ஷெட்டில் பத்து என்ஜின் பிரித்திருந்தாலும் இந்தப் பாடம் அங்கே கிடைக்காது. காலையில் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் வடிக்கிறேனா என்று பயிற்றுநர் வந்து நின்று பார்ப்பார். முதலில் என்னை நம்பவில்லையே என்று கோபம் வந்தது. பிறகு அவர் வராத நாளில் எனக்கே குறையாக இருந்தது.

அதிக விசையும் கொல்லும். வின்ச் வெறியோடு இழுத்தால் கிளைடர் தரையை விட்டதும் விர்ரென்று மூக்கைத் தூக்கும். வேகம் இன்னும் சேரவில்லை, மூக்கு நிமிரும் சுழற்சியில் இறக்கையின் மேல் சுமை கூடுகிறது. ஓர் இறக்கை மட்டும் ஸ்டால் ஆனால் கிளைடர் பக்கவாட்டில் புரண்டு தலைகீழாகிவிடும். நடக்க ஒரு விநாடி போதும். நாற்பது ஐம்பது அடி உயரத்தில் அதிலிருந்து மீள வழியில்லை. பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் தன் பழைய வின்ச் விபத்துகளை எல்லாம் எடுத்துப் பிரித்துப் பார்த்து, 2005இல் ஓர் இயக்கமாகவே தொடங்கியது. இறக்கை மட்டமாக நிற்கவில்லை என்றால் குமிழை இழுத்துவிடு. வேகம் சேர்ந்த பிறகே மெதுவாக மூக்கை நிமிர்த்து. இழுப்பு போனால் முதலில் மூக்கு, பிறகு வேகம், பிறகுதான் மற்றதெல்லாம். புதிய கருவி எதையும் வாங்கச் சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். அங்கே வின்ச் ஏற்றத்தில் சாவும் படுகாயமும் வெகுவாகக் குறைந்தன.

இறக்கை மட்டம் என்றேன். ஓடத் தொடங்கும்போது ஓர் இறக்கையின் நுனி புல்லில் தட்டினால் அது அங்கேயே ஊன்றிக்கொள்ளும். கிளைடர் அதைச் சுற்றித் திரும்பும். நான் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பேன். சக்கரம்போல் உருண்டுவிடும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எனக்கு அது தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் ஓட்டம் முழுவதும் விமானியின் இடது கை மஞ்சள் குமிழில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அருகில் இருந்தால் போதாது, குமிழ் கைக்குள் இருக்க வேண்டும்.

கேபிளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எஃகுக் கேபிள் தினமும் மண்ணில் இழுபடும், பாராசூட்டோடு விழும்போது முறுக்கிக்கொள்ளும், டிரம்மில் சில நேரம் குருவிக்கூடாகச் சிக்கும். அறுந்த இடத்தைப் பின்னி ஒட்டுப்போடுவோம். ஒட்டு கூடக்கூட ஒருநாள் அந்த நீளத்தையே வெட்டி எறிய வேண்டும். கேபிளுக்கும் கிளைடருக்கும் நடுவில் வீக் லிங்க் என்ற தகடு இருக்கும். வேண்டுமென்றே பலம் குறைவாகச் செய்தது. இறக்கை முறிவதற்கு முன்னால் அது முறிய வேண்டும். ஜெர்மனியின் டோஸ்ட் கம்பெனி தகடுகளுக்கு நிறம் உண்டு: கறுப்பு 1,000 கிலோ, பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. எந்தக் கிளைடருக்கு எந்த நிறம் என்று அதன் கையேட்டில் இருக்கும். இது நம் ஊர்க்காரர்கள் அதிகம் சோதிக்கப்படும் இடம். தகடு தீர்ந்துபோனால் கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். சமாளிப்பதில் நமக்கு இருக்கும் பெருமை, பறக்கும் இடத்தில் நோய்.

என் காலத்தில் நான் பார்த்த இரண்டு கயிறு அறுப்புகளைச் சொல்கிறேன். ஒன்று, தனியாகப் பறக்க அனுமதி கிடைத்துச் சில நாட்களே ஆன கல்லூரி மாணவன். 200 அடி இருக்கும், ஒட்டுப்போட்ட இடத்தில் கேபிள் விட்டது. என்ஜின் ஓலமிட்டது, நான் காலை எடுத்தேன். கிளைடர் உச்சியில் ஒரு கணம் தொங்கியதுபோல் இருந்தது. மூக்கு இறங்கியது. அப்படியே இருந்தது, எதுவும் செய்யவில்லை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது, பையன் பயந்துபோய் உறைந்துவிட்டானோ என்று. பிறகுதான் ஏர்பிரேக் திறந்தது, என் வின்ச்சுக்கு முன்னால் புல்லில் உருண்டு வந்து நின்றது. ஓடிப்போய்க் கேட்டேன். "முள் ஏறட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன் அண்ணா" என்றான். தமிழ்ப் பையன், மதுரைப் பக்கம்.

இன்னொருவர் பல வருட அனுபவம் உள்ளவர். அவர் எவ்வளவோ பேரை ஏற்றி இறக்கியவர். ஏறக்குறைய அதே உயரம். அவரும் மூக்கை உடனே இறக்கினார். ஆனால் முன்னால் திடல் குறைந்து வருவதைப் பார்த்ததும் கை ஏர்பிரேக்குக்குப் போய்விட்டது. கிளைடர் தட்டையாக விழுந்தது. சக்கரம் வயிற்றுக்குள் ஏறியது, அவருக்கு முதுகெலும்பில் அடி. பிழைத்தார், நடந்தார், திரும்பப் பறக்கவில்லை. மாணவன் கயிறு அறுந்தால் இறங்கும் பயிற்சியை முந்தின வாரம்தான் செய்திருந்தான். இவர் செய்து நெடுநாள் ஆகியிருந்தது. அனுபவம் என்பதைக் கணக்கிடும்போது மொத்த மணி நேரத்தைப் பார்க்கிறோம். கடைசியாக எப்போது பழகினார் என்று கேட்பதில்லை.

அதற்குப் பிறகு விசாரணைக்கு வந்தவர் விமானியிடம் பேசியதைவிட என்னிடம் அதிகம் பேசினார். கேபிள் எப்போது வாங்கியது, எத்தனை ஒட்டு, கடைசி ஒட்டு யார் போட்டது, பதிவேடு எங்கே. முதலில் பழியைத் தொழிலாளி தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. விமான விபத்து விசாரணைக்கு உலகம் முழுவதும் பொதுவான விதி ஒன்று உண்டு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 13ஆம் இணைப்பு. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அல்ல என்கிறது அது. இந்தியாவில் 2012 முதல் அதற்கென்று விமான விபத்து விசாரணைப் பணியகம் தனியாக இயங்குகிறது. அதன் அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில் விமானிகளுக்கும் அதிகாரிகளுக்கும் போகின்றனவே தவிர, கேபிள் பின்னுகிறவனிடமும் இறக்கை நுனி பிடிக்கிறவனிடமும் வந்து சேர்வதில்லை. காரணம் பெரும்பாலும் இவர்கள் கை படும் இடத்தில்தான் கிடக்கிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1943 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை அந்த விசாரணை அதிகாரிதான் எனக்குச் சொன்னார். போருக்காக அந்த ஊரிலேயே செய்த ராணுவக் கிளைடர். பெருமையைக் காட்ட, லாம்பெர்ட் விமானத் திடலில் மக்கள் திரண்டிருக்க, மேயர் வில்லியம் டீ பெக்கரும் நகரப் பிரமுகர்களும் ஏறினார்கள். இழுத்துச் சென்ற விமானத்திலிருந்து விடுபட்டதும் ஓர் இறக்கை மடிந்து கழன்றது. ஏறிய 10 பேரும் இறந்தார்கள். இறக்கையின் தாங்குக் கம்பியைப் பிடித்திருந்த ஓர் உலோகப் பொருத்து, அளவைவிட மெல்லியதாகக் கடையப்பட்டிருந்தது. அதைச் செய்து கொடுத்த துணை ஒப்பந்தக் கம்பெனியின் பழைய தொழில் சவப்பெட்டி சாமான்கள். கடைந்தவரைவிட எனக்கு உறுத்துவது, அதைச் சோதித்து "சரி" என்று முத்திரை போட்டவர்தான். அளவுகோலை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கிளைடருக்கு இன்னொரு வம்பு, அதைப் பிரித்து டிரெய்லரில் வைத்து, காலையில் திரும்ப மாட்டுவார்கள். இறக்கைக்கு இறக்கை, வாலுக்கு வால் இணைப்புகள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாட்டினால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியான எலிவேட்டரின் இணைப்பு மாட்டாமல் போகும், அல்லது மாட்டி சேஃப்டி பின் போடாமல் விடப்படும். உள்ளே ஸ்டிக் ஆடும், வெளியே ஒன்றும் அசையாது. தரையை விட்ட பிறகுதான் தெரியும். ஒருவர் வெளியே எலிவேட்டரைக் கையால் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் ஸ்டிக்கைத் தள்ளி இழுத்து எதிர்ப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதை விட்டுச் செத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், தேர்ந்த விமானிகள் உட்பட. ஏர்பிரேக் பூட்டாமல் புறப்படுவது, மூடி சரியாக அடைக்காமல் புறப்படுவது இவையும் அந்த ரகம்தான். விமானத்தால் இழுத்துக்கொண்டு போகும் முறையில் வேறொரு அபாயம் உண்டு. பின்னால் வரும் கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்தால் முன்னால் போகும் விமானத்தின் வாலைத் தூக்கிவிடும், அதன் மூக்கு தரையைப் பார்க்கும். சாவது முன்னால் போகிறவர்.

எங்களிடம் இருந்த கிளைடர்களில் எனக்குப் பிடித்தது ரோகிணி. மரமும் துணியும் கொண்டு செய்த இரட்டை இருக்கைக் கிளைடர். பயிற்றுநரும் மாணவரும் தோளோடு தோள் உட்காருவார்கள். டில்லியில் சிவில் விமானத்துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்தது, 1961இல் முதலில் பறந்தது. அதற்கு முன் 1958இல் அவருடைய அசுவினி பறந்தது. பிறகு பரணி, கே. பி. கணேசன் வடிவமைத்த கார்த்திக், மிருகசீர்ஷ், ஆர்த்ரா என்று நட்சத்திர வரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இருக்கவில்லை. திருவாதிரையோடு வரிசை நின்றுவிட்டது வருத்தம்தான். 27 நட்சத்திரம் வரை போயிருக்கலாம். ரோகிணி மெதுவாகப் பறக்கும், தவறுகளை மன்னிக்கும். மரம் என்பதால் ஈரத்துக்கும் பசைக்கும் மட்டும் காவல் இருக்க வேண்டும்.

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவால் பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை இருந்த காலம். எங்கள் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டிவியில் கொச்சி என்று ஓடியது. கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளத்திலிருந்து காலை ஏழு மணி அளவில் பயிற்சிக்காகப் புறப்பட்ட பவர் கிளைடர், தளத்துக்குப் பக்கத்திலேயே தோப்பும்படி பாலத்தருகே விழுந்தது. கடற்படையைச் சேர்ந்த இருவரும் இறந்தார்கள். கடற்படை விசாரணைக் குழு அமைத்தது. பவர் கிளைடர் என்றால் சின்ன என்ஜினைத் தானே சுமந்துகொண்டு ஏறும் வகை. வின்ச் வேண்டாம், என்னைப் போன்றவனும் வேண்டாம். ஆனால் தாழ்ந்த உயரத்தில் இழுப்பு நின்றால் கணக்கு அதேதான். என்ஜின் உள்ளே இருந்தால் என்ன, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன.

2023 மார்ச் 23 அன்று ஜார்க்கண்டின் தன்பாதில், பர்வாடா ஓடுதளத்திலிருந்து புறப்பட்ட கிளைடர் சற்று நேரத்தில் சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஒரு வீட்டின் கான்கிரீட் தூணில் மோதியது. அதுவும் என்ஜின் வைத்ததுதான். உல்லாசப் பறத்தலுக்காக ஓட்டியது. விமானியும், கூடப் போன 14 வயதுப் பையனும் படுகாயமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். உள்ளிருந்து எடுத்த வீடியோவை நாடே பார்த்தது. நான் பார்த்தது கூரைகளை. ஓடுதளத்தின் முனையைத் தாண்டியதும் வீடு, வீடு, வீடு. "இழுப்பு போனால் திரும்பாதே, நேராக இறங்கு" என்று ஒரு விமானிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நேராக இறங்க வெற்றிடம் இருந்தால்தானே அந்தப் பாடம் பாடம்? ஊர்கள் வளர்ந்து திடலின் வேலி வரை வந்துவிட்ட இடத்தில் விமானியின் கண் தானாகவே பின்னால் விட்டுவந்த ஓடுதளத்தைத் தேடும். தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில் திரும்புவான். மனை போடுகிறவனும் பஞ்சாயத்தில் அனுமதி கொடுக்கிறவனும் விபத்துக் காரணங்களின் பட்டியலில் வருவதேயில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

தாழ்ந்த உயரத்தில் வேகத்தை இழப்பது என்ற காரணம் புதிதும் இல்லை. கிளைடர் கலையின் முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால் 1896 ஆகஸ்ட் 9 அன்று குன்றிலிருந்து பறந்தபோது கிளைடர் ஸ்டால் ஆகி, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார், மறுநாள் இறந்தார். தாழ்ந்த உயரம், போன வேகம்.

அடி அண்ணாமலையில் என் வீட்டு மாடியிலிருந்து மலையின் மேற்குச் சரிவு முழுதாகத் தெரியும். மத்தியானம் பாறை சூடேறியதும் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு ஏறும். அதைப் பார்த்துவிட்டு, கைபேசியில் பாராகிளைடிங் வீடியோவும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்டான், "பெரியப்பா, நம்ம மல மேலருந்து ஒண்ணு உட்டா கோபுரத்த ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் இல்ல?" மலை 2,668 அடி, வனத்துறைக் காவலில் இருப்பது, தனி மலை என்பதால் காற்று அதன் இரு பக்கமும் பிரிந்து ஓடி மறுபுறம் சுழலும், அந்தச் சுழலில் சிக்கினால் துணி இறக்கை கசங்கிவிடும் என்று அரைமணி நேரம் சொன்னேன். பாதியிலேயே அவன் கவனம் போய்விட்டது. "கோவால காசு கட்டுனா உடறாங்களே" என்றான்.

விடுகிறார்கள். 2025 ஜனவரி 18 அன்று கோவாவின் கேரி பீடபூமியில் அப்படிக் காசு கட்டி ஏறிய புனே பெண் ஒருவரும், ஓட்டிச் சென்றவரும் புறப்பட்ட சற்று நேரத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். கயிறு ஒன்று அறுந்ததாகப் போலீஸ் சொன்னது. உரிய அனுமதி இல்லாமல் நடத்தினார்கள் என்று வழக்குப் பதிவானது.

பறக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்காலம் முழுவதும் பிறரைப் பறக்கவிட்டுச் சோறு தின்றவன் அதைச் சொன்னால் நன்றாக இருக்காது. கிளைடரோ, பவர் கிளைடரோ, பாராகிளைடரோ, உங்கள் பிள்ளை ஏறுவதற்கு முன் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்று காலை அதை மாட்டியவர் யார், மாட்டிய பிறகு இன்னொருவர் சோதித்தாரா, கயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் பதிவேடு இருக்கிறதா, அனுமதிச் சீட்டு எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். கடுப்பாகிறார்களா என்று பாருங்கள். நல்ல இடத்தில் கடுப்பாக மாட்டார்கள், காட்டுவார்கள். பிறகு ஓட்டப் போகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஏறும்போது நூறு அடியில் இழுப்பு போனால் எங்கே இறக்குவீர்கள்? அவர் உடனே கையை நீட்டி, அதோ அங்கே என்று ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சிரித்தால், பெல்ட்டைக் கழற்றிப் பிள்ளையை இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய காசு போனால் போகட்டும்.